அட்லாண்டிக் சிட்டியில் பிறந்த தாள்

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரை நெருங்கிக்கொண்டிருந்த மூன்று பெட்டி மின்சார ரயில், ஊருக்கு வெளியே இருந்த திறந்து மூடும் பாலத்தில் தடம் புரண்டு தண்ணீருக்குள் விழுந்தது. 53 பேர் இறந்தார்கள். அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ரயிலை ஓட்டியது பென்சில்வேனியா ரயில்வேயின் துணை நிறுவனம்.

அந்தக் காலத்தில் ரயில்வே கம்பெனிகள் விபத்தை எதிர்கொண்ட விதம் ஒன்றுதான். வாயைத் திறக்கமாட்டார்கள், நிருபர்களை அண்ட விடமாட்டார்கள், முடிந்தவரை எல்லாவற்றையும் மூடி மறைப்பார்கள். நிருபர்களோ கிடைத்த வதந்தியை வைத்து எழுதுவார்கள். இந்தமுறை கம்பெனிக்கு ஆலோசகராக 29 வயது ஐவி லீ இருந்தார். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்து, பிரின்ஸ்டனில் படித்து, நியூயார்க் நாளிதழ்களில் நிருபராக அலைந்தவர். தகவல் கிடைக்காத நிருபர் என்ன செய்வான் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். நடந்ததை நாமே எழுதிக் கொடுப்போம், நிருபர்களை நாமே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப் போவோம் என்றார். கம்பெனி ஒப்புக்கொண்டது. எழுதிய அறிக்கையை அக்டோபர் 30 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' வரி மாறாமல் அச்சிட்டது.

மக்கள் தொடர்புப் பாடநூல்கள் இந்தத் தாளைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்கின்றன. கறாராகப் பார்த்தால் அதற்கு முன்பே பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. சர்க்கஸ் முதலாளி பி.டி.பார்னம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தக் கலையில் கரை கண்டவர். அப்படியும் 1906-ஐப் பிறந்த ஆண்டாகக் கொள்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தாளைத் தந்தது யார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. எழுதியிருப்பது சரியா என்று நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள வழியும் செய்யப்பட்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் புதுமை என்பேன்.

ரயில் விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு அதே ஆண்டில் லீ இன்னொரு தாளையும் எழுதியிருந்தார். அதன் பின்னணி நிலக்கரி. 1902-இல் பென்சில்வேனியா சுரங்கத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிருபர்களிடம் பொறுமையாகப் பேசினார். முதலாளிகள் தரப்பின் ஜார்ஜ் பேர், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடமே முகம்கொடுத்துப் பேசவில்லை. மக்களின் அனுதாபம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1906-இல் மறுபடி தகராறு மூண்டபோது முதலாளிகள் லீயை அமர்த்தினார்கள். அப்போது அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பியதுதான் 'கொள்கைப் பிரகடனம்'. அதன் சாரம் இது: எங்களுடையது ரகசிய அலுவலகம் இல்லை, எங்கள் வேலை முழுவதும் வெளிச்சத்தில் நடக்கிறது, நாங்கள் தருவது செய்தி, விளம்பரம் என்று உங்களுக்குத் தோன்றினால் போடாதீர்கள், தருவது துல்லியமாக இருக்கும், எதையும் சரிபார்க்க விரும்பினால் உதவுவோம்.

மக்கள் தொடர்புத் துறையின் முதல் கோட்பாடு என்று இதைச் சொல்லலாம். இதை எழுதியவர் பேராசிரியர் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு, நடந்துகொண்டிருந்த தகராறின் நடுவே உட்கார்ந்து எழுதியவர். கோட்பாடு கல்லூரியில் பிறந்து அலுவலகத்துக்கு இறங்கி வருகிறது என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். இந்தத் துறையில் அது அலுவலகத்தில், மேசை மேல், வேலையோடு வேலையாகப் பிறந்தது. அதனால் அதற்கு ஒரு பலம் கிடைத்தது. அப்போதே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. வாக்குக் கொடுத்தவரும் கூலி வாங்குபவரும் ஒருவரே என்றால், வாக்கு மீறப்படும்போது கேட்பது யார்?

கேள்விக்கு எட்டே ஆண்டில் சோதனை வந்தது. கொலராடோ மாநிலத்தில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்த நிலக்கரிக் கம்பெனியில் 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்கள் லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று மாநிலக் காவல்படையும் கம்பெனியின் ஆட்களும் அந்தக் கூடாரங்கள் மீது துப்பாக்கியால் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குத் தப்ப ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டியிருந்த குழிக்குள் ஒளிந்தவர்களில் இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் இறந்தார்கள்.

நாடு கொதித்தது. ஜான் டி.ராக்ஃபெல்லர் ஜூனியர் ஐவி லீயை அழைத்தார். லீ துண்டறிக்கைகளை வரிசையாகத் தயாரித்து, நாடெங்கும் ஆசிரியர்களுக்கும் பாதிரியார்களுக்கும் அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். பார்வைக்கு எல்லாம் 1906 மாதிரியேதான்: சுருக்கம், எண்கள், ஆதாரம் போலத் தெரியும் மேற்கோள்கள். உள்ளே சரக்கு வேறு. தொழிற்சங்கத் தலைவர்கள் கொள்ளைச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று காட்டிய ஓர் அறிக்கையில், ஓராண்டுக்கான தொகை ஒன்பது வாரத்துக்கானதாக அச்சாகியிருந்தது. விவரங்களைத் தந்தவர்கள் சுரங்க முதலாளிகள். 1915-இல் தொழிலுறவு ஆணையத்தின் முன் லீ சாட்சி சொன்னபோது, அவை உண்மையா என்று சொந்தமாக என்ன விசாரித்தீர்கள் என்று கேட்டார்கள். எதுவும் விசாரிக்கவில்லை என்றார்.

இந்தத் தாளின் வரலாற்றில் இதைவிடக் கனமான பதில் வேறில்லை. சரிபார்க்க உதவுவோம் என்று எழுத்தில் கொடுத்தவரே தாம் சரிபார்க்கவில்லை. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா என்பதை நான் பெரிதாகக் கருதவில்லை. கேட்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. வாடிக்கையாளர் கொடுத்த கணக்கைத் திருப்பிக் கேட்டால் வேலை நின்றுபோகும் என்கிற அச்சம், நேரமில்லை என்கிற சாக்கு, நம் பக்கம்தானே என்கிற நம்பிக்கை. இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் இந்த மூன்றையும் பார்க்கலாம். பத்திரிகையாளர்கள் லீயை மன்னிக்கவில்லை. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அவரைக் கூலிக்குப் பொய் சொல்பவர் என்று எழுதினார். எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் அவர் பெயருக்கு முன்னால் 'விஷம்' என்ற சொல்லைச் சேர்த்தார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1915 செப்டம்பரில் ராக்ஃபெல்லர் ஜூனியர் தாமே கொலராடோவுக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர்களோடு சாப்பிட்டார், அவர்கள் வீட்டுப் பெண்களோடு நடனமாடினார், குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டார். முதலாளி நேரில் போய் முகம் காட்டவேண்டும் என்பது லீ வலியுறுத்திய யோசனை. அதன் பின் வந்த தொழிலாளர் பிரதிநிதித் திட்டம் கம்பெனியே நடத்திய சங்கம்தான் என்பது உண்மை. இருந்தாலும் எந்தத் துண்டறிக்கையாலும் சாதிக்க முடியாத ஒன்று அந்தப் பயணத்தில் நடந்தது. தாளுக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. அந்தக் குறையைக் கோட்பாடு கண்டுபிடித்து எழுத இன்னும் எழுபது ஆண்டு ஆயிற்று.

லீயின் முடிவும் ஒரு விசாரணையில்தான் வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியின் ஐ.ஜி.ஃபார்பென் என்ற ரசாயன நிறுவனத்துக்கு அவர் ஆலோசனை தந்தது பற்றி 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார்.

அதற்குள் துறையைப் புத்தகமாகவும் பாடமாகவும் ஆக்கியவர் வேறொருவர். வியன்னாவில் பிறந்த எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரி மகன். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு நடத்திய பொதுத் தகவல் குழுவில் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான செய்திக்குறிப்புகளை அந்தக் குழு வெளியிட்டது. ஒரு நாட்டையே போருக்கு மனம் திருப்ப முடியும் என்று கண்ணால் கண்ட பெர்னேஸ், அமைதிக் காலத்திலும் அதைச் செய்யலாம் என்று முடிவுகட்டினார். 1923-இல் 'பொதுக் கருத்தைப் படிகமாக்குதல்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புப் பாடம் நடத்தினார்.

அவர் கையில் தாள் உருமாறியது. 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் எல்லோரும் பார்க்க சிகரெட் பற்றவைத்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பதை ஊர் ஏற்காத காலம் அது. சிகரெட் பெண்ணுக்கு விடுதலையின் தீப்பந்தம் என்ற கருத்தை உளப்பகுப்பாய்வாளர் ஏ.ஏ.பிரில்லிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டு வாங்கியிருந்தார் பெர்னேஸ். மறுநாள் பத்திரிகைகள் அதைப் பெண்ணுரிமைச் செய்தியாகப் போட்டன. பணம் கொடுத்தது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்பது வாசகருக்குச் சொல்லப்படவில்லை.

அட்லாண்டிக் சிட்டித் தாளில் கம்பெனியின் பெயர் இருந்தது. ஐந்தாம் அவென்யூவில் அது மறைந்துவிட்டது. கோட்பாடு கூர்மையாகிக்கொண்டே போன ஆண்டுகளில்தான் இது நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நடைமுறைக்காரர்கள் கோட்பாட்டைப் படிப்பதில்லை, அதுதான் துறையின் கோளாறு என்று மாநாடுகளில் பேசுவார்கள். பெர்னேஸ் படித்தவர், எழுதியவர், கற்பித்தவர். தம் கோட்பாட்டை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தியவர். தம் 1923 நூலை யூதர்களுக்கு எதிரான பிரச்சாரத்துக்கு ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் பயன்படுத்துகிறார் என்று 1933-இல் ஒரு செய்தியாளர் சொல்லக் கேட்டு அதிர்ந்ததாக யூதரான அவரே பின்னாளில் தன்வரலாற்றில் பதிவு செய்தார். கோட்பாடும் நடைமுறையும் பொருந்திவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். எந்தக் கோட்பாடு என்பதுதான் முதல் கேள்வி.

1954-இல் நியூயார்க்கில் பி.ஆர். நியூஸ்வயர் என்ற சேவை தொடங்கியது. கம்பெனிகளின் அறிக்கைகளை டெலிபிரிண்டர் வழியாக ஒரே நேரத்தில் பல பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பியது. 1961-இல் மேற்குக் கரையில் பிசினஸ் வயர் வந்தது. ஆள் கொண்டுபோய்க் கொடுத்த தாள் இப்போது கம்பி வழியே ஓடியது. காலாண்டு லாபக் கணக்கு, கம்பெனி இணைப்பு, தலைமைப் பதவி மாற்றம் எல்லாம் அதில் வரத் தொடங்கியதும் பங்குச் சந்தை அதன் மேல் கண் வைத்தது.

1984-இல் ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹன்ட் என்ற இரு பேராசிரியர்கள் எழுதிய பாடநூல் இந்த வரலாறு முழுவதையும் நான்கு மாதிரிகளாக அடுக்கியது. பார்னம் போன்றவர்களின் ஆரவார விளம்பரம் முதலாவது. லீயின் தகவல் வழங்கல் இரண்டாவது. மக்களின் மனத்தை ஆராய்ந்து அவர்களை நம் பக்கம் திருப்பும் பெர்னேஸ் வழி மூன்றாவது. நிறுவனமும் மக்களும் பேசி, கேட்டு, இரு தரப்புமே மாறிக்கொள்ளும் சமச்சீர் உரையாடல் நான்காவது. நான்காவதே உயர்ந்தது என்றார்கள். நிறுவனங்களில் எத்தனை பங்கு எந்த வழியில் நடக்கிறது என்று ஒரு மதிப்பீடும் தந்தார்கள்: பாதி லீயின் வழியில், நான்காவது வழியில் 15 சதவீதம்.

இந்த நான்கையும் இன்று இந்தியாவில் மக்கள் தொடர்பு படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மறந்தும் போகிறார்கள். காரணம் அவர்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. செய்திக்குறிப்பு ஒன்று அலுவலகத்தில் எப்படித் தயாராகிறது? துறைத் தலைவர் விவரம் தருகிறார். புதிதாகச் சேர்ந்தவர் எழுதுகிறார். மேலாளர் தலைப்பை மாற்றுகிறார். வழக்கறிஞர் சங்கடமான வரியை எடுத்துவிடுகிறார். கடைசியில் நிர்வாக இயக்குநர் பெயரில் அவர் பேசாத ஒரு மேற்கோள் சேர்கிறது. எழுதியவருக்கு விவரத்தின் வேரைத் தோண்ட உரிமை இருப்பதில்லை. நான்காவது மாதிரி கேட்பதோ, மக்கள் சொன்னதை நிர்வாகத்தின் அறைக்குள் கொண்டுபோய்ச் சொல்லும் அதிகாரம். அந்த அதிகாரம் பதவியோடு வருவது, பாடத்தோடு வராது. க்ரூனிக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பின்னாளில் 300-க்கு மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்தபோது, மக்கள் தொடர்புத் தலைவர் நிர்வாகக் குழுவில் இருக்கவேண்டும் என்பதை முக்கிய முடிவாகச் சொன்னார்கள். கோட்பாட்டாளர்கள் நடைமுறையிடமிருந்து கற்றுக்கொண்ட நல்ல பாடம் அது.

வேலையை அளக்கும் விதமும் கோட்பாட்டுக்கு எதிராகவே இருந்தது. செய்திக்குறிப்பு பத்திரிகையில் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கி, அதுதான் சாதனை என்று மாதக் கடைசியில் அறிக்கை வைப்பார்கள். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய துறை அமைப்புகள், இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாகவே அறிவித்தன. அதற்குப் பிறகும் அந்தக் கணக்கு ஒழிந்துவிடவில்லை.

நான்கு மாதிரிகள் அச்சாகி ஆறே ஆண்டில், 1990 அக்டோபர் 10 அன்று, வாஷிங்டனில் ஒரு குழுவின் முன் பதினைந்து வயதுப் பெண் அழுதபடி சாட்சி சொன்னாள். இராக் ஆக்கிரமித்திருந்த குவைத்தில், மருத்துவமனை ஒன்றில் இராக் படைவீரர்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் சாகவிட்டதாகச் சொன்னாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது அன்று சொல்லப்படவில்லை. ஏற்பாடு செய்தது குவைத் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்புக்காக வேலை செய்த ஹில் அண்ட் நோல்டன் என்ற பெரிய மக்கள் தொடர்பு நிறுவனம். காட்சியைப் படம்பிடித்து வீடியோ செய்திக்குறிப்பாகத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். வளைகுடாப் போர் முடிந்து, 1992 ஜனவரியில்தான் அவள் யார் என்பது வெளியே வந்தது. பின்னால் விசாரித்தவர்களுக்கு அந்தக் கதையை உறுதிசெய்யும் ஆதாரம் கிடைக்கவில்லை. தாளாக இருந்தாலும் படமாக இருந்தாலும், யார் பேசுகிறார்கள் என்பதை மறைப்பதிலிருந்தே கேடு தொடங்குகிறது.

பிறகு தாள் இணையத்துக்கு வந்தது. 2000 ஆகஸ்ட் 25 அன்று எமுலெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தலைவர் பதவி விலகினார், லாபக் கணக்கு திருத்தப்படுகிறது என்று ஓர் இணைய வயர் சேவையில் குறிப்பு வந்தது. எழுதியவர் அந்தச் சேவையில் முன்பு வேலைபார்த்த 23 வயது மாணவர். சொன்னது அத்தனையும் பொய். சிறிது நேரத்தில் பங்கின் விலை பாதிக்கு மேல் விழுந்தது. 2015-இல் அமெரிக்க அதிகாரிகள் வேறொரு வழக்குப் போட்டார்கள்: வெளிவராத செய்திக்குறிப்புகளை வயர் சேவைகளின் கணினிகளிலிருந்து பல ஆண்டுகள் திருடி, முன்கூட்டியே பங்கு வாங்கி விற்று, 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்த கும்பலின் மீது. 1906-இல் இலவசமாகக் கொடுத்த தாளை இப்போது திருடவும் போலியாக அடிக்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நம்பிக்கை வைத்த பொருளைத்தான் போலி செய்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தாள் நமக்கெல்லாம் பழகிய வடிவில் வருகிறது: செய்தி வெளியீடு எண், நாள், கீழே வெளியீடு செய்தி மக்கள் தொடர்புத்துறை. மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் பி.ஆர்.ஓ. இருக்கிறார், பத்திரிகை டெஸ்க்குகளுக்கு அவர் அனுப்பும் பிரஸ் நோட் தினசரிப் படி அரிசி மாதிரி. இந்த வகைத் தாளுக்கு 2020-இல் வந்த சோதனையை எல்லோரும் பார்த்தோம். கொரோனா காலத்தில் சுகாதாரத் துறை மாலைதோறும் வெளியிட்ட அறிக்கைக்காக வீடுகள் காத்திருந்தன. சென்னை மாநகராட்சிப் பதிவில் இருந்த மரணங்கள் சில மாநில அறிக்கையில் இல்லை என்பது ஜூனில் தெரியவந்தது. பத்திரிகைகள் எழுதின, அரசு ஆய்வுக் குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்கள் அதே அறிக்கையில் சேர்க்கப்பட்டன.

விடுபட்டது பெரும் பிழை. அந்த 444 குடும்பங்களுக்கு இது வெறும் எண்ணில்லை. ஆயினும் பிழை செய்த தாளிலேயே திருத்தமும் வந்தது என்பதற்கு நான் நிறைய மதிப்புத் தருவேன். வெளியே இருந்து கேட்டவர்கள் இருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவேடு இருந்தது, கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் வந்தது. லட்லோவின் துண்டறிக்கைகளுக்கு இந்த மூன்றும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. மக்கள் தொடர்பில் கோட்பாடு நடைமுறையைத் தொடும் இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்: வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியாள் வந்து கணக்குக் கேட்கும்போது.

இதழியலும் மக்கள் தொடர்பும் கற்பிக்கும் நம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு மாதிரிகளை நடத்துவதற்கு முன், லீயின் பிரகடனத்தையும் லட்லோ அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களிடம் கொடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, இதை எந்தப் பதிவேட்டில், யாரிடம் கேட்டு உறுதிசெய்வாய் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அன்றைய நாளிதழில் வந்த ஒரு கம்பெனி அறிக்கையையும் ஓர் அரசு அறிக்கையையும் கொடுத்து அதையே செய்யச் சொல்லுங்கள். செய்திக்குறிப்பு எழுதும் பயிற்சியை அதற்கு அடுத்த வாரம் தொடங்கினால் போதும்.